அனுப்புநரின் உத்தரவுப்படி

"ஒருத்தர் நம்மள வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா, அது கம்ப்யூட்டர்ல தெரியுமா டீச்சர்?" என்று சீடர் கேட்டார்.

குரு அப்போது பட்டர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். பாதி பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.

"முதல்ல உக்காருங்க சார்," என்றாள்.

ஞானக் கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும். சீடனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. இந்தக் கதையில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. குருவின் பெயர் நஸ்ரீன். முப்பதைத் தாண்டிச் சில வருஷம் ஆகிறது. தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்து, ஊரிலுள்ள கம்பெனிகளின் இமெயில் கோளாறுகளைச் சரிசெய்து கொடுக்கிறாள்.

சீடரின் பெயர் ரெமிஜியுஸ் மோத்தா. ஊருக்கு ரெமி சார். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரைக்கு வந்து நிற்கிற கப்பலில் காகிதக் கட்டோடு முதலில் ஏறுகிற ஆளாக இருந்தவர். இப்போது தலை முழுக்க நரை, முழங்காலில் வலி. தன்னில் பாதி வயசுப் பெண்ணை 'டீச்சர்' என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார். கிண்டல் எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. வேலையில் இருந்த காலத்திலேயே ஆரம்பித்தது, இப்போதும் சனிக்கிழமை காலையில் 'துறைமுகச் செய்தி' என்று ஓர் இமெயில் அனுப்புவார். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, என்ன சரக்கு இறங்குகிறது, எது வெளிக்கடலில் காத்துக் கிடக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்டுகள், லாரிக்காரர்கள், குடோன்காரர்கள் என்று சில நூறு பேர் படிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி வரும். அது கப்பலைப் பற்றி இருக்காது. 'வாடைக் காற்று ஆரம்பித்துவிட்டது.' 'கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.' 'முருங்கை பூத்திருக்கிறது.'

"முருங்க எந்தக் கப்பல்ல சார் வருது?" என்று ஓர் ஏஜென்ட் போனில் கேட்டுச் சிரித்தார். ரெமி சாரும் சிரித்துவைத்தார்.

அந்த வரி ஒரே ஓர் ஆளுக்காக எழுதப்படுவது. பட்டியலில் முதல் முகவரி அவளுடையது. மகள் மெற்றில்டா, வீட்டில் மெற்றி. கல்லூரியில் படித்த காலத்தில் அவள்தான் அப்பாவுக்கு டொமைன் என்கிற சொந்த இணையப் பெயர் வாங்கி, பட்டியல் போட்டு, அனுப்பவும் சொல்லிக் கொடுத்தாள். ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத் தன் முகவரியை முதலில் போட்டாள். அப்புறம் அதை எடுக்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் கணவனோடு இருக்கிறாள். அப்பாவும் மகளும் பேசி வருஷங்கள் ஆகிவிட்டன.

ஆனால் சனிக்கிழமை மதியத்துக்குள் அவள் பெயருக்கு நேரே 'படித்தார்' என்று ஒரு பச்சைக் குறி விழுந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் ரெமி சார் சாப்பிட உட்காருவார். மகள் சௌக்கியமாக இருக்கிறாள், தான் எழுதியதைப் படிக்கிறாள் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அந்தக் குறிதான். அதை வைத்து ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். வாரம் முடிவதற்குள் அடுத்த வரியை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

கடைசியாகப் பச்சை விழுந்தது முருங்கை பூத்த வாரத்தில். அதற்குப் பிறகு ஒரு மாசமாக அவள் பெயருக்கு நேரே சிவப்பில் பெருக்கல் குறி. பக்கத்தில் 'நிராகரிப்பு' என்று போட்டிருந்தது.

முதல் வாரம் ஏதோ கோளாறு என்று நினைத்தார். இரண்டாவது வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இந்தச் சனிக்கிழமை குறியைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஒன்றும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, திங்கட்கிழமை கடை திறந்ததும் மாடி ஏறி வந்துவிட்டார்.

"நிராகரிப்புன்னு வருது டீச்சர். இனிமே இந்த ஆளு எழுதுறத பாக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா போல. அதான் கேக்கேன். அதுக்குன்னு பட்டன் எதுவும் இருக்கா?"

"இருக்கு. அத அமுக்குனா பட்டியல்ல பேரே இருக்காது. பேரு இருக்கா?"

"இருக்கு. முதல் பேரு."

"அப்ப அவங்க அமுக்கல."

"பின்ன ஏன் சிவப்பா வருது?"

நஸ்ரீன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். "மத்தவங்களுக்கு என்ன வருது?"

ரெமி சார் முழித்தார். "மத்தவங்களா?"

"சில நூறு பேரு இருக்காங்கல்லா. அவங்க படிச்சாங்களா?"

"நான் அதப் பாக்கலியே."

உண்மைதான். பட்டியலைத் திறப்பார், முதல் வரியைப் பார்ப்பார், மூடிவிடுவார். ஒன்றிரண்டு பேர் வழியில் நிறுத்தி, "இந்த வாரம் வரலியே சார்" என்று கேட்டார்கள். "வரும் வரும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் கவலை அவருக்கு.

நஸ்ரீன் பட்டியலைக் கீழே நகர்த்தினாள். சிவப்பு. இன்னும் கீழே. அங்கேயும் சிவப்பு. அங்கங்கே கொஞ்சம் பச்சை தட்டுப்பட்டது.

"முக்காவாசி பேருக்குப் போகவே இல்ல சார். எல்லாம் திரும்பி வந்திருக்கு."

"அப்ப மெற்றி மட்டும் இல்ல."

"மெற்றி மட்டும் இல்ல."

ஒரு மாச உழைப்பு வீணாகப் போயிருக்கிறது என்று கேட்டதும் ரெமி சாருக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிஸ்கட் பொட்டலத்தைத் தானே எடுத்து ஒன்று வாயில் போட்டுக்கொண்டார்.

"எவன் செஞ்ச வேல இது?"

நஸ்ரீன் ஒரு சிவப்புக் குறியைத் தட்டி, திரும்பி வந்த காரணத்தைப் படித்தாள். "அனுப்புநரின் உத்தரவுப்படி நிராகரிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"அனுப்புநரு யாரு?"

"நீங்கதான்."

வாயிலிருந்த பிஸ்கட் அப்படியே நின்றது.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். மழைக்காலத்தில் எவனோ ஒருவன் ரெமி சாரின் பெயரையும் டொமைனையும் போட்டு ஏஜென்டுகளுக்கு மெயில் அனுப்பிப் பணம் கேட்டான். நம்பி ஏமாந்தவர்களும் இருந்தார்கள். ரெமி சாருக்கு அவமானம் தாங்கவில்லை. அன்றைக்குத்தான் இந்த மாடிப்படியில் முதல் முறையாக ஏறினார்.

நஸ்ரீன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு டொமைனுக்கும் ஊரறிய ஒரு பலகை உண்டு. டிஎன்எஸ் என்பார்கள். உலகத்தில் எந்த மெயில் கம்பெனியும் அதைப் படிக்கலாம். எழுதும் உரிமை மட்டும் டொமைனின் சொந்தக்காரருக்கு. என் மெயில் இன்ன எந்திரங்களிலிருந்துதான் வரும் என்று அதில் எழுதலாம். என் முத்திரை இப்படித்தான் இருக்கும் என்று எழுதலாம். எதுவுமே பொருந்தாமல் என் பெயரில் ஒன்று வந்தால் அதை என்ன செய்யவேண்டும் என்றும் எழுதலாம்.

"என்ன செய்யச் சொல்லலாம்?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"முதல்ல, சும்மா கவனிங்கன்னு எழுதுங்க. கொஞ்ச நாள் போகட்டும். பெறவு, சந்தேகமானத ஓரமா வைங்கன்னு எழுதலாம். எல்லாம் சரியா இருக்குன்னு நமக்கே தெரிஞ்ச பெறவு, வாசலோட திருப்பி அனுப்புங்கன்னு எழுதலாம்."

ரெமி சார் எடுத்த எடுப்பில் 'வாசலோடு திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதிவிட்டார். கோபக்காரர். ஆனால் அது வேலை செய்தது. பொய்யன் ஓய்ந்தான்.

போன மாசம் பழைய மெயில் கம்பெனி, இத்தனை பேருக்கு மொத்தமாக அனுப்ப எங்களால் ஆகாது என்று கைவிரித்துவிட்டது. நம்மிடமிருந்து மெயிலை வாங்கி நமக்காக எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேறொரு கம்பெனிக்கு மாறினார். அதை ரிலே என்பார்கள். பலகையில் என்னென்ன எழுதவேண்டும் என்று அவர்கள் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். நஸ்ரீன் போனில் யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ரெமி சாரே அவள் மேசையில் உட்கார்ந்து தட்டிவிட்டு, எல்லாம் ஆச்சு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவளும் திறந்து பார்க்கவில்லை.

"அன்னைக்கு என்ன எழுதுனீங்க?" என்று இப்போது கேட்டாள்.

"அவங்க குடுத்த வரிய எழுதுனேன். எங்க எந்திரத்துலருந்தும் வரும்னு. பழைய வரிக்குக் கீழயே."

"பழைய வரி?"

"அது பாட்டுக்கு இருக்கு. அத எதுக்குத் தொடணும்?"

"எந்த எந்திரம் என்னோடதுன்னு சொல்ற வரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும் சார். ரெண்டு இருந்தா, எத நம்பன்னு தெரியாம ரெண்டையும் தள்ளிருவாங்க. சரி, முத்திரை? நீளமா ஒண்ணு குடுத்திருப்பாங்களே."

"அதுவா முத்திரை? எழுத்தும் நம்பருமா கன்னாபின்னான்னு இருந்துச்சு. ஏதோ கம்ப்யூட்டர் குப்பைன்னு விட்டுட்டேன்."

நஸ்ரீன் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இத்தன வருஷமா என் மெயில் போவுது. ரெமி யாருன்னு அவனுவளுக்குத் தெரியாதா? உள்ள பிரிச்சுப் பாத்தா கப்பல் விவரமெல்லாம் அப்படியே இருக்கும்லா. என் எழுத்துன்னு ஒரு மனுஷனுக்குத் தெரியாதா?"

"வாசல்ல நிக்கிறவங்க உள்ள என்ன இருக்குன்னு படிச்சுத் தீர்ப்பு சொல்ல மாட்டாங்க சார். நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்களோ அதச் செய்வாங்க."

ரெமி சார் பட்டியலை மறுபடி முதல் பெயருக்கு நகர்த்தினார். பிறகு குரல் இறங்கிக் கேட்டார்.

"அப்ப ஒரு மாசமா என் பேரே அவ பெட்டிக்குப் போகல."

"போகல."

"திரும்பி வந்தது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒண்ணும் வரலன்னு மட்டும்தான் தெரியும்."

"அவ என்ன நெனச்சிருப்பா?"

குரு பிஸ்கட் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"அப்பா என் பேர எடுத்துட்டாருன்னுல்லா நெனச்சிருப்பா."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு மாசம் தான் பட்டதை அவளும் பட்டிருப்பாளே என்று நெஞ்சு வலித்தது. பட்டிருப்பாளா என்று ஓர் ஆசையும் கூடவே வந்தது. எது பெரிசு என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"போன் பண்ணிச் சொல்லலாமே சார்," என்றாள் நஸ்ரீன்.

அவர் முகம் இறுகியது. "நான் ஆள் அனுப்பாம இல்ல டீச்சர். தங்கச்சி இசபெல்ல அனுப்புனேன். உக்கார வச்சு காப்பியெல்லாம் குடுத்திருக்கா. அப்பா வரச் சொன்னாருன்னு இவ சொன்னதும், அப்பா சொல்லட்டும்னுட்டாளாம். பங்குச் சாமியார் அந்தப் பக்கம் போனாரு, அவர்ட்டயும் சொல்லிவிட்டேன். அவருக்கும் அதே பதில். ஒரு தடவ இசபெல் என் போன்லருந்தே கூப்பிட்டா. அத்தை குரலக் கேட்டதும் மெற்றி வச்சிட்டா. கல்லு மனசு."

"அப்பா சொல்லட்டும்னா சொன்னாங்க?"

"ஆமா. திமிரு."

"வேற எதுவும் சொல்லலியா?"

"அது ஒண்ணுதான். எவ போனாலும் எவன் போனாலும் அது ஒண்ணுதான்."

"ஏன் அப்படிச் சொல்லுதாங்க?"

ரெமி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கதையைச் சொல்ல அவருக்குப் பிடிக்கும்.

மெற்றி கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு ஊர், வேறு சாதி. ரெமி சாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மச்சான் கபிரியேலால் சும்மா இருக்க முடியவில்லை. நேரே கோயம்புத்தூருக்குப் போய், "அப்பாவுக்கு நெஞ்சுவலி, கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்று சொல்லி அவளை அழைத்து வந்துவிட்டார். அலறியடித்துக்கொண்டு வந்த பெண் வீட்டுக்குள் நுழைந்தால், கபிரியேல் பார்த்து வைத்த வேறொரு மாப்பிள்ளையின் வீட்டார் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். ரெமி சாருக்கு இது எதுவும் தெரியாது. கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது மெற்றி அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பவே அவ கையப் பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். எவன்கிட்டயும் ஒரு வார்த்த பேசல. பஸ்ஸுல ஏத்திட்டு, வெளிய நின்னு சொன்னேன். இனிமே என் பேரச் சொல்லி எவன் வந்தாலும் நம்பாத. பங்குச் சாமியாரே வந்தாலும் நம்பாத. நானே கூப்பிட்டாத்தான் நீ வரணும்னேன். அவ பேசல. தலைய மட்டும் ஆட்டுனா. பஸ் திரும்புற வரைக்கும் ஆட்டிக்கிட்டே போனா."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. மகளுக்குத் தான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் தப்பும் இல்லை.

"பெறவு?"

"பெறவு என்ன. அந்தப் பையனையே கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்குப் போன்ல சொன்னா. பாப்போம்னேன். போகல."

"பெறவு நீங்க கூப்பிட்டீங்களா?"

"அதான் இசபெல்ல அனுப்புனேனே."

குரு டம்ளருக்குள் ஊறிக் கிடந்த பிஸ்கட்டை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பலகையத் திறக்க சாவி வேணும் சார். பென்டிரைவ் மாதிரி சின்னதா இருக்கும். கீழ ஜெராக்ஸ் கடையில செல்வியக்காட்ட குடுத்து வச்சிருக்கேன். நான் கேட்டேன்னு சொல்லி வாங்கிட்டு வாங்க."

ரெமி சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செல்வியக்கா யாருடைய ரேஷன் கார்டையோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நஸ்ரீன் சாவி வாங்கிட்டு வரச் சொன்னா."

"தர முடியாது சார்."

"ஏன்?"

"யார் வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொல்லிருக்கா."

"நான் யாருன்னு தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. ரெமி சார். போன வாரம்கூட உங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். ஆனா தர முடியாது."

மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "தர மாட்டேங்கா."

"நல்லா கேட்டீங்களா? இன்னொருக்க போங்க. நெசமாவே நஸ்ரீன்தான் அனுப்புனான்னு சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் இறங்கினார். குரு சொன்னால் சீடன் செய்யத்தான் வேண்டும், முழங்காலுக்கு அது தெரியாவிட்டாலும்.

"நெசமாவே அவதான் அனுப்புனா," என்றார்.

"எல்லாரும் நெசமாத்தான் சார் சொல்லுவாங்க," என்றாள் செல்வியக்கா. அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. மோர் இருக்கு, குடிக்கீங்களா? சாவி மட்டும் கேக்காதீங்க."

மோரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். ஏறியதும் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"மோரெல்லாம் குடுக்கா. சாவி தர மாட்டேங்கா. கல்லு மனசு அந்தப் பொம்பளைக்கு."

"கல்லு மனசு இல்ல சார். நான் சொன்னத அப்படியே செய்யுதா. அவள மாதிரி ஒரு ஆளு எனக்குக் கெடைக்க மாட்டா."

"அப்ப நீங்க ஒரு வார்த்த சொன்னா என்ன? வாய் தொறந்து ஒரு வார்த்த. அதுக்கு என்னைய எதுக்கு ரெண்டு தடவ ஏறி எறங்க வைக்கீங்க?"

குரு எழுந்தாள். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"செல்வியக்கா. நாந்தான் சொல்லுதேன். ரெமி சார்ட்ட குடுத்துருங்க."

"சரி நஸ்ரீன்," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் ரெமி சார்.

"அவ்வளவுதான்."

"இத முதல்லயே செஞ்சிருக்கலாம்லா."

குரு அவரையே பார்த்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

செல்வியக்கா சாவியை அவர் கையில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க சார்."

"இல்லம்மா," என்றார். "நீங்க செஞ்சதுதான் சரி."

இந்த முறை மேலே வர நேரமாயிற்று. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். யாராவது கேட்டிருந்தால் முழங்கால் வலி என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. பஸ் ஜன்னலில் தலையை ஆட்டிக்கொண்டே போன பெண் இத்தனை வருஷமாக அப்பா சொன்ன சொல்லைத் தட்டாமல் இருந்திருக்கிறாள். அவர் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தார். அங்கே உட்கார்ந்துதான் அது அவருக்கு உறைத்தது. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நஸ்ரீன் சாவியைச் செருகிப் பலகையைத் திறந்து கொடுத்தாள். "நீங்களே எழுதுங்க. உங்க பலகை."

ரெமி சார் ஒற்றை விரலால் தட்டினார். இரண்டு வரிகளை ஒன்றாகச் சேர்த்தார். குப்பை என்று விட்ட முத்திரையைத் தேடியெடுத்து, முழுசாக ஒட்டினார். பிறகு கடைசி வரிக்கு வந்து நின்றார்.

"வாசலோட திருப்பி அனுப்புங்கங்கிறத எடுத்துரவா டீச்சர்? அதாலதான இவ்வளவும்."

"எதுக்கு எடுக்கணும்? நல்ல வரிதான். பொய் சொல்லுதவன் இன்னும் ஊர்ல இருக்கான்."

"பின்ன?"

"ரிலேக்காரன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும், நான் ரெமி சார் ஆளுன்னு அவனா உங்க பலகையில எழுதிக்க முடியாது சார்."

அவர் அந்த வரியைத் தொடாமல் விட்டார்.

"இப்ப உடனே போயிருமா?"

"கொஞ்சம் பொறுங்க. பழைய பலகையப் படிச்சு ஞாபகம் வச்சிருக்கவங்க அத மறக்கணும்லா. சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும். சனிக்கிழம அனுப்புனா எல்லாருக்கும் போயிரும்."

"சனிக்கிழமையா," என்றார் ரெமி சார்.

நஸ்ரீன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அவள் திரும்பி வரும்போது அவர் கிளம்பியிருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேசையில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இசபெல் இந்த வாரம் கோயம்புத்தூர் போறேன்னா. அவள்ட்ட ஒரு வார்த்த சொல்லிவிட்டா..." என்று ஆரம்பித்தவர், நஸ்ரீன் பார்ப்பதற்கு முன்பே தானாக நிறுத்திக்கொண்டார்.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓட ஆரம்பித்தது.

"டீச்சர்."

"ம்."

"இத்தன வருஷம் ஆயிருச்சு. நானே கூப்பிட்டு, அவ எடுத்தா, நான் என்ன சொல்ல?"

"ஜன்னல்ல நின்னு நான் என்ன சொன்னேன் சார்?"

ரெமி சார் போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைத் தேடினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று அவர் நினைத்த நேரத்தில் எடுத்தார்கள்.

"அத்தையா?" என்று ஒரு குரல் கேட்டது. "யார் பேசுறது?"

"நாந்தான் மெற்றி," என்றார். "நானே கூப்பிடுதேன்."

குரு எழுந்து போய், ரோட்டு இரைச்சல் கேட்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தினாள்.

"முருங்க காய்ச்சிருச்சாப்பா?" என்று கேட்டாள் மெற்றி.

ரெமி சார் தலையை மட்டும் ஆட்டினார். போனில் அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார்.